சீசன் டிக்கெட் பில் 4,430 டாலர். நான்கையும் புதுப்பிப்பதா, இரண்டாகக் குறைப்பதா, மொத்தமாக விட்டுவிடுவதா?

மலைச்சாரல்

வணக்கம். காலேஜ் ஃபுட்பால் (அமெரிக்கன் ஃபுட்பால்) சீசன் டிக்கெட் வைத்திருக்கிறவர்கள், முன்பு வைத்திருந்து விட்டவர்கள், இரண்டு தரப்பும் சொல்லுங்கள்.

நான் எம்.எஸ். படித்த யூனிவர்சிட்டி எஸ்.இ.சி. கான்ஃபரன்ஸில், அதாவது தெற்குப் பக்கத்து யூனிவர்சிட்டிகள் சேர்ந்து ஆடும் குழுவில், இருக்கிறது. பெயர் வேண்டாமே. படிப்பு முடிந்து பக்கத்து ஊரிலேயே வேலை அமைந்துவிட்டதால் அப்போதே சீசன் டிக்கெட் எடுத்தோம். முதலில் நானும் கணவரும் மட்டும். பிள்ளைகள் வளர்ந்ததும் நான்காக ஆக்கிக்கொண்டோம். போன வாரம் 2026 சீசனுக்கான பில் வந்தது. அப்படியே தருகிறேன்.

டிக்கெட் 4, தலைக்கு 560 டாலர்: 2,240
அந்த சீட்டுகளுக்கான கட்டாய டொனேஷன், தலைக்கு 450: 1,800
பார்க்கிங் பாஸ்: 350
ப்ராசஸிங் கட்டணம்: 40

ஆகமொத்தம் 4,430. ஏழு ஹோம் கேம். அதாவது ஒரு சனிக்கிழமைக்கு 630 டாலருக்கு மேல். பெட்ரோல், சாப்பாடு, உள்ளே வாங்கும் தண்ணீர் பாட்டில் எல்லாம் தனி. நாங்கள் முதலில் எடுத்தபோது எங்கள் பகுதிக்கு டொனேஷன் என்ற பேச்சே பில்லில் கிடையாது. மூலைப் பக்கம், மேல் அடுக்கு, முதுகு சாய இடமில்லாத அலுமினிய பெஞ்சு. பெஞ்சு இன்னும் அதேதான்.

ஏழில் மூன்று கேம்தான் உண்மையிலேயே பார்க்கத் தகுந்தவை. செப்டம்பர் வெயிலில், காசு கொடுத்து வரவழைத்த சின்ன காலேஜ் ஒன்றை 50 பாயின்ட் வித்தியாசத்தில் அடிப்பதைப் பார்க்கப் பிள்ளைகள் வருவதில்லை. அந்த டிக்கெட்டை விற்கப் போனால் போட்ட காசில் கால்வாசி வந்தால் பெரிய விஷயம்.

அப்படியானால் விட்டுவிட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். அங்கேதான் சிக்கல். விட்டால் இத்தனை வருஷம் சேர்த்த முன்னுரிமைப் பாயின்ட் எல்லாம் போய்விடும். மறுபடி வேண்டுமென்றால் வரிசையின் கடைசியில் நிற்க வேண்டும். மார்ச் கடைசிக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

கொங்குப்பையன்

விட்டுவிடுங்கள் அக்கா, யோசிக்கவே வேண்டாம்.

நான் டெக்ஸாஸில் இருக்கிறேன். இரண்டு சீசன் டிக்கெட் வைத்திருந்தேன், விட்டுவிட்டேன். இப்போது எந்த கேம் வேண்டுமோ அதற்கு மட்டும் ரீசேல் ஆப்பில் வாங்குகிறேன். வியாழன் ராத்திரி வரைக்கும் பொறுத்திருந்தால் சின்ன கேம்களுக்கு விலை தானாக இறங்கும். மழை வரும் என்று வானிலையில் சொன்னால் இன்னும் இறங்கும். 2025 மே மாதத்திலிருந்து ஃபெடரல் ட்ரேட் கமிஷன் விதிப்படி எல்லாக் கட்டணத்தையும் சேர்த்த விலையைத்தான் முதலிலேயே காட்ட வேண்டும். முன்பு மாதிரி 60 டாலர் என்று காட்டிக் கடைசிப் பக்கத்தில் 85 ஆக்க முடியாது. அதனால் ஒப்பிட்டுப் பார்ப்பது சுலபமாகிவிட்டது.

பெரிய கேமுக்கு விலை எகிறும், உண்மைதான். ஆனால் வருஷத்துக்கு ஒரு பெரிய கேமுக்கு நல்ல விலை கொடுத்தாலும், மொத்தக் கணக்கில் உங்கள் 4,430-ல் பாதிகூட ஆகாது.

கணக்குப்பிள்ளை

பில்லில் இருக்கும் டொனேஷனைப் பற்றி மட்டும் சொல்கிறேன், என் தொழில் அதுதான் என்பதால்.

1980-களின் கடைசியிலிருந்து 2017 வரை ஒரு சலுகை இருந்தது. காலேஜ் டிக்கெட் வாங்கும் உரிமைக்காக நீங்கள் கொடுக்கும் டொனேஷனில் 80 சதவீதத்தை வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம். உதாரணத்துக்கு 1,000 டாலர் கொடுத்தால் 800 கழிவு. 25 சதவீத வரி அடுக்கில் இருக்கிறவருக்குக் கையில் 200 டாலர் மிச்சம். யூனிவர்சிட்டிகள் டிக்கெட் விலையை நேராக ஏற்றாமல் டொனேஷன் என்ற பெயரில் ஏற்றியதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ரசிகருக்கு ஆயிரம் கொடுத்தாலும் எண்ணூறு கொடுத்த மாதிரி இருந்தது.

2017 டிசம்பரில் வந்த வரிச் சட்டம் அந்தச் சலுகையை அடியோடு எடுத்துவிட்டது. அந்த மாதம் பல அத்லெடிக் டிபார்ட்மென்ட்கள் தங்கள் ரசிகர்களுக்கு, வருஷம் முடிவதற்குள் அடுத்த சில வருஷ டொனேஷனையும் சேர்த்துக் கட்டிவிடுங்கள் என்று மெயில் அனுப்பின. 2018-லிருந்து ஒரு சென்ட்கூடக் கழிக்க முடியாது. சலுகை போனது, டொனேஷன் மட்டும் அப்படியே தங்கிவிட்டது. விலை குறைந்திருக்க வேண்டிய இடத்தில் ஏறியது.

மலைச்சாரல், உங்கள் 1,800-ஐ யாராவது வரி ஃபார்மில் நன்கொடையாகப் போடச் சொன்னால் போடாதீர்கள். பில்லில் என்ன பெயர் இருந்தாலும் அது டிக்கெட் விலையின் ஒரு பகுதிதான்.

ஆரஞ்சுச்சேலை

நாக்ஸ்வில்லில் இருந்து எழுதுகிறேன், டென்னஸி ரசிகை. பெயரைப் பார்த்தாலே தெரிந்திருக்கும். ஹோம் கேம் அன்றைக்குக் கடைக்குப் போனால்கூட எங்கள் வீட்டில் எல்லோரும் ஆரஞ்சுதான்.

இந்த விலையேற்றத்தை மறைக்காமல் பெயர் வைத்துச் சொன்னது எங்கள் ஊர்தான். 2024 செப்டம்பரில் யூனிவர்சிட்டியின் விளையாட்டுத் துறைத் தலைவரான அத்லெடிக் டைரக்டர் டேனி வைட் அறிவித்தார். 2025 சீசன் டிக்கெட் புதுப்பிப்பில் 10 சதவீதம் 'டேலன்ட் ஃபீ', அதாவது விளையாடும் பையன்களுக்குக் கொடுக்கப்போகும் பணத்துக்கான கட்டணம். அது போக, சராசரியாக 4.5 சதவீத வழக்கமான ஏற்றம். நாடு முழுக்க அன்றைக்கு அதுதான் பேச்சு.

எனக்கு அந்த ஃபீ மேல் கோபம் வரவில்லை. எதற்காக வாங்குகிறோம் என்று சொல்லி வாங்கினார்கள். நேலாண்ட் ஸ்டேடியத்தில் ஒரு லட்சத்துக்கு மேல் ஆட்கள் உட்காருகிறோம். கீழே ஓடி அடிபடுகிற பையனுக்கு அதில் ஒரு பங்கு போவது நியாயம் என்று நினைக்கிறேன்.

ஒன்று மட்டும் கஷ்டமாக இருந்தது. அந்த ஃபீயைக் கட்டி முடித்த பிறகு, 2025 ஏப்ரலில் எங்கள் குவார்ட்டர்பேக் (ஆட்டத்தை நடத்தும் முக்கிய வீரர்) நிக்கோ இயமலியாவா சம்பளப் பேச்சுவார்த்தை முறிந்து அணியைவிட்டுப் போனார். கலிஃபோர்னியாவில் இருக்கும் யு.சி.எல்.ஏ. யூனிவர்சிட்டியில் சேர்ந்தார். அங்கே அவருக்கு இடம் விட வேண்டியிருந்த ஜோயி அகிலார் இங்கே வந்து சேர்ந்தார். அகிலார் நன்றாகவே ஆடினார். ஆனால் பணம் கட்டும்போது மனசில் இருந்த முகம் வேறு. இனிமேல் ரசிகர்கள் இதற்குப் பழகிக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது.

கொங்குப்பையன்

இதைத்தான் அக்கா நானும் சொல்ல வந்தேன். பையன்களுக்குக் காசு கொடுக்க ஆரம்பித்ததிலிருந்துதான் எல்லாம் கெட்டது. அதற்கு முன் ஸ்காலர்ஷிப் போதும் என்று ஆடினார்கள். இப்போது அவர்கள் சம்பளத்தை நாம் கட்டுகிறோம்.

ஆரஞ்சுச்சேலை

தம்பி, மன்னிக்கணும், இதை ஒப்புக்கொள்ள முடியாது.

விளம்பரம் மூலம் வீரர்கள் சம்பாதிக்கலாம் என்று வந்ததே 2021 ஜூலையில். யூனிவர்சிட்டிகள் நேரடியாகப் பங்கு கொடுக்க ஆரம்பித்தது 2025 ஜூலையில், வீரர்கள் பங்கு கேட்டுப் போட்ட ஹவுஸ் வழக்கின் சமரசத்தை நீதிபதி க்ளாடியா வில்கன் ஜூன் மாதம் ஏற்ற பிறகு. முதல் வருஷத்துக்கு ஒரு யூனிவர்சிட்டி அதிகபட்சம் 20.5 மில்லியன் டாலர் வரை கொடுக்கலாம், எல்லா விளையாட்டும் சேர்த்து. அந்த உச்சவரம்பு வருஷத்துக்கு வருஷம் கூடும். இதெல்லாம் உண்மை, பட்ஜெட்டில் பெரிய ஓட்டைதான். ஆனால் மலைச்சாரல் சொன்ன டொனேஷன் எப்போது வந்தது? கணக்குப்பிள்ளை சார் சொன்ன சட்டம் எந்தக் காலம்? ஒரு பையனும் ஒரு டாலர் வாங்காத காலத்திலேயே விலை ஏறிக்கொண்டுதான் இருந்தது.

அந்தக் காசு எங்கே போனது என்று பாருங்கள். உங்கள் டெக்ஸாஸிலேயே, 2023 நவம்பரில் டெக்ஸாஸ் ஏ அண்ட் எம் யூனிவர்சிட்டி தன் கோச் ஜிம்போ ஃபிஷரை வேலையைவிட்டு நிறுத்தியது. மிச்சக் கான்ட்ராக்டுக்காக அவருக்குக் கொடுக்க ஒப்புக்கொண்ட தொகை 75 மில்லியன் டாலருக்கு மேல். ஒரு மனிதர் வேலை செய்யாமல் இருப்பதற்கு! இப்போதைய உச்சவரம்பில் மூன்று வருஷத்துக்கும் மேலாக எல்லா வீரர்களுக்கும் கொடுக்கக்கூடிய பணம் அது.

கொங்குப்பையன்

அந்த 75 மில்லியன் விஷயத்தில் நான் உங்கள் பக்கம்தான் அக்கா. இங்கே அதைப் பற்றிப் பேசாத ஆளே இல்லை. ஆனால் இனி இந்த 20 மில்லியனும் மேலே சேருகிறதே. அதுவும் நம் தலையில்தானே வந்து விழும்?

சோளக்காடு

நெப்ராஸ்காவில் இருந்து ஒரு தகவல். லிங்கனில் மெமோரியல் ஸ்டேடியம் 1962 நவம்பரிலிருந்து ஒரு ஹோம் கேம்கூட விடாமல் ஹவுஸ்ஃபுல். மாநிலத்தில் என்.எஃப்.எல். அணி கிடையாது, வேறு பெரிய புரொஃபஷனல் அணியும் கிடையாது. இங்கே சனிக்கிழமை என்றால் அதுதான். டிக்கெட்டைக் குடும்பச் சொத்து மாதிரி பேசுவார்கள்.

ஆனால் அந்த ஹவுஸ்ஃபுல் கணக்கு தானாக ஓடவில்லை. 2021-ல் அணி 3 ஜெயித்து 9 தோற்றது. அந்த வருஷம் நன்கொடையாளர்கள் மிச்சமிருந்த டிக்கெட்டை வாங்கி, வசதி இல்லாத பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். சிலர் அதைக் கணக்குக் காட்டும் வேலை என்று கேலி செய்தார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. அந்தப் பிள்ளைகளில் பலருக்கு வேறு வழியில் உள்ளே போக வாய்ப்பே இருந்திருக்காது. எல்லா யூனிவர்சிட்டியும் வருஷாவருஷம் செய்ய வேண்டிய காரியம், தோற்கிற வருஷத்தில் மட்டுமல்ல.

அகிலா_ஆன்ஆர்பர்

விலை ஏறினால் ஏறிக்கொண்டே போகும் என்று எல்லோரும் பேசுகிறீர்கள். இறங்கிய கதை ஒன்று எங்கள் ஊரில் இருக்கிறது. நான் இங்கே வருவதற்கு முன் நடந்தது, ஆனால் பழைய ஆட்கள் இன்னும் விலாவாரியாகச் சொல்வார்கள்.

டேவ் பிராண்டன் என்று ஒருவர் மிச்சிகன் அத்லெடிக் டைரக்டராக இருந்தார். முன்பு டாமினோஸ் பீட்சா கம்பெனியின் தலைவர். அவர் காலத்தில் மாணவர் சீசன் டிக்கெட் 280 டாலர் ஆனது, ஒரு கேமுக்கு 40. 2013-ல் அதுவரை சீனியர் மாணவர்களுக்கு இருந்த நல்ல இடங்களையும் எடுத்துவிட்டு, முதலில் வருகிறவருக்கு முதல் இடம் என்று மாற்றினார்கள். அணியும் தோற்க ஆரம்பித்தது. மாணவர்கள் டிக்கெட் வாங்காமல் விட்டார்கள். 2014-ல் மாணவர் பகுதி வெகுவாகச் சுருங்கியது. அந்த செப்டம்பரில் இரண்டு கோக் பாட்டில் வாங்கினால் ஒரு கேமுக்கு இரண்டு டிக்கெட் என்று ஒரு சலுகை வந்தது. காசு கொடுத்து வாங்கியவர்கள் கொதித்துப் போனார்கள். அக்டோபர் கடைசியில் பிராண்டன் ராஜினாமா. 2015-க்கு மாணவர் டிக்கெட் 175 டாலர், கேமுக்கு 25 என்று இறக்கினார்கள்.

107,601 பேர் உட்காரும் ஸ்டேடியம் அது. அங்கேயே இறக்க வேண்டி வந்தது. மாணவர்கள்தான் சத்தம். சத்தம் இல்லாவிட்டால் டிவிக்காரர்களுக்கே அது பிடிக்காது. நாளைக்கு சீசன் டிக்கெட் வாங்கப்போகிறவர்களும் அவர்கள்தான். இருபது வயதில் பழக்கம் விட்டுப்போனால் நாற்பது வயதில் 4,430 கட்ட யார் வருவார்கள்?

மலைச்சாரல்

எல்லோருக்கும் நன்றி. அகிலா, நீங்கள் கடைசியாகக் கேட்ட கேள்வி என்னை ரொம்ப யோசிக்க வைத்தது, ஏனென்றால் நானே அப்படி வந்தவள்தான். மாணவியாக இருந்தபோது ரூம்மேட் இழுத்துக்கொண்டு போனதால்தான் எனக்கு இந்தப் பைத்தியம்.

கொங்குப்பையன், கணக்கில் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. தனித்தனியாக வாங்கினால் மலிவு. எனக்கு அதில் சந்தேகம் இல்லை. நான் எதை இழக்கத் தயங்குகிறேன் என்றால், பக்கத்து சீட்டை.

எங்களுக்கு முன் வரிசையில் ஒரு வயதான தம்பதி இருந்தார்கள். ஃபர்ஸ்ட் டவுன் என்றால் என்ன, ஹோல்டிங் என்றால் ஏன் பத்து கஜம் பின்னால் தள்ளுகிறார்கள் என்று எனக்கும் என் கணவருக்கும் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தவர் அந்தப் பெரியவர். என் மகளைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு போனபோது அந்த அம்மா சத்தத்தைத் தடுக்கும் ஹெட்ஃபோன் வாங்கி வந்து மாட்டிவிட்டார். என் மாமியார் ஊரிலிருந்து வந்திருந்த சீசனில் கொண்டுபோன முறுக்கை அந்த வரிசை முழுக்கச் சாப்பிட்டது. அடுத்த வருஷம் அவர்கள், "முறுக்கு எங்கே?" என்று கேட்டார்கள்.

டொனேஷன் தலைக்கு 450 ஆனபோது அவர்கள் விட்டுவிட்டார்கள். பென்ஷனில் வாழ்கிறவர்கள். இப்போது அந்த இரண்டு சீட்டிலும் வாரத்துக்கு ஒரு புது முகம். பல நேரம் எதிரணிச் சட்டை. யாரோ மொத்தமாக எடுத்து விற்கிறார்கள். 2024 டிசம்பரில் பிளேஆஃப் முதல் சுற்று கேம்பஸிலேயே நடந்தபோது ஓஹையோ ஸ்டேட்டின் ஊரான கொலம்பஸில் டென்னஸி ஆரஞ்சு எவ்வளவு தெரிந்தது என்று டிவியில் எல்லோரும் பார்த்தோம். ஆரஞ்சுச்சேலைக்கு அது சந்தோஷம், நியாயம்தான். ஆனால் ஓஹையோ ஸ்டேட் பக்கம் யோசித்துப் பாருங்கள். நம் வீட்டில் நாம் காசு கட்டி வைத்த இடம், விலை ஏறினதும் விருந்தாளிக்குப் போய்விடுகிறது.

அப்புறம் இன்னொன்று. காசு கூடக்கூட வசதி குறைகிறது. கேம் எத்தனை மணிக்கு என்று பல வாரம் 12 நாளைக்கு முன்னால்தான் தெரியும், சில வாரம் 6 நாள். டிவி தீர்மானிக்கிறது. மத்தியானமா ராத்திரியா என்று தெரியாமல் பிள்ளைகளின் தமிழ்ப் பள்ளி, டான்ஸ் க்ளாஸ் எதையும் திட்டமிட முடியாது. உள்ளே போனால் விளம்பர இடைவேளை. மைதான ஓரத்தில் ஒரு ஆள் வினாடி ஓடும் பலகையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அது பூஜ்யத்துக்கு வரும்வரை 22 பேரும் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்க, நாமும் அலுமினிய பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும். பிக் டென் என்ற இன்னொரு கான்ஃபரன்ஸுக்கு 2022-ல் பேசிய டிவி ஒப்பந்தம் ஏழு வருஷத்துக்கு 7 பில்லியன் டாலருக்கு மேல். அவ்வளவு டிவி பணம் வந்தும் டிக்கெட் விலை ஏன் இறங்கவில்லை என்பதுதான் எனக்குப் புரியாத இடம்.

பாலாறு

அதற்கு என்னால் பதில் சொல்ல முடியும் என்று நினைக்கிறேன். படிக்கும் காலத்தில் ஒரு யூனிவர்சிட்டி டிக்கெட் ஆபீசில் வேலை பார்த்தேன். எஃப்-1 விசாவில் வாரம் 20 மணி நேரம் கேம்பஸ் வேலைதானே செய்ய முடியும், எனக்கு அது கிடைத்தது. பெரும்பாலும் போன் எடுக்கிற வேலை.

டிவி பணம் எல்லாப் போட்டியாளருக்கும் சேர்ந்தே ஏறுகிறது. பக்கத்து யூனிவர்சிட்டிக்கும் அதே பணம். அதனால் அது வந்த வேகத்தில் கோச் சம்பளம், வெயிட் ரூம், பயிற்சி மைதானம் என்று போய்விடும், ஒருவரை ஒருவர் முந்துவதற்காக. டிக்கெட், டொனேஷன் இரண்டும்தான் ஒரு அத்லெடிக் டைரக்டர் தானே ஏற்றிக்கொள்ளக்கூடிய வரவு. கான்ஃபரன்ஸைக் கேட்க வேண்டாம், டிவியைக் கேட்க வேண்டாம். கையில் இருக்கிற ஒரே திருகு அது, திருகுகிறார்கள்.

யாரிடம் எவ்வளவு திருகலாம் என்பதற்குத்தான் பாயின்ட். எத்தனை வருஷமாக வைத்திருக்கிறீர்கள், எவ்வளவு கொடுத்திருக்கிறீர்கள் என்று கூட்டி ஒரு எண். அந்த எண் பெரிதாக இருக்கிறவர் விடமாட்டார் என்று ஆபீசில் எல்லோருக்கும் தெரியும். புதிதாக வருகிறவருக்குத்தான் சலுகை, பழைய ஆளுக்கு ஏற்றம். போனில் அழுதவர்கள் உண்டு. கணவர் இறந்துபோய், கணக்கைத் தன் பெயருக்கு மாற்றக் கூப்பிடும் அம்மாக்கள். மனைவிக்கு மாற்றலாம், பிள்ளைக்கு மாற்றினால் பாயின்ட் அவர்களுக்குச் சேராது என்பது நான் இருந்த இடத்து விதி. அதை அவர்களிடம் சொல்ல வேண்டிய ஆள் நான். எனக்கு 23 வயது.

இன்னொரு மாற்றத்தையும் கவனியுங்கள். நார்த்வெஸ்டர்ன் பழைய ஸ்டேடியத்தை இடித்துவிட்டுக் கட்டும் புது ஸ்டேடியத்துக்கு 850 மில்லியன் டாலருக்கு மேல் ஆகிறது. பழையதில் 47,000 பேர் உட்காரலாம், புதியதில் 35,000. குறைந்த இடம், கூடுதல் விலை, நல்ல நாற்காலி. பென் ஸ்டேட் 700 மில்லியனுக்கு பீவர் ஸ்டேடியத்தைப் புதுப்பிக்கிறது, அதிலும் உயர்வகை இருக்கைகள் வருகின்றன. மேல் அடுக்கு மூலை பெஞ்சில் உட்காரும் குடும்பத்தை மனசில் வைத்து யாரும் இப்போது ஸ்டேடியம் வரைவதில்லை.

மலைச்சாரல் அக்கா, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். மெயில் அனுப்பாதீர்கள், போன் செய்யுங்கள். மூன்று விஷயம் கேளுங்கள். நான்கை இரண்டாகக் குறைத்தால் பாயின்ட் அப்படியே நிற்குமா? நான் பார்த்த இடத்தில் நின்றது, தொடர்ச்சி அறாமல் இருந்தால் போதும். டொனேஷன் குறைவான அல்லது இல்லாத பகுதி எது, அங்கே அடுத்தடுத்து இரண்டு சீட் காலியாகிறதா? புதுப்பிப்புத் தேதி முடிந்த இரண்டு மூன்று வாரத்தில் நிறைய இடம் காலியாகும், அதுவரை உங்கள் பெயரைக் குறித்து வைக்கச் சொல்லுங்கள். கடைசியாக, மாதத் தவணை உண்டா? வட்டி இல்லாமல் கொடுப்பார்கள், ஆனால் தானாக விளம்பரம் செய்யமாட்டார்கள்.

கணக்குப்பிள்ளை

பாலாறு சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். 2026-லிருந்து எஸ்.இ.சி.யில் கான்ஃபரன்ஸ் கேம் எட்டிலிருந்து ஒன்பதாகிறது. அதனால் சில வருஷம் ஹோமில் நான்கு, சில வருஷம் ஐந்து கான்ஃபரன்ஸ் கேம். உங்களுக்கு இந்த வருஷம் எது என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ஐந்து வருகிற வருஷத்தில், நீங்கள் போகாத ஒரு கேமை விற்றாலும் நல்ல விலை கிடைக்கும். நான்கு வருகிற வருஷத்தில் அதே பணத்துக்குக் குறைந்த சரக்கு.

மலைச்சாரல்

போன் செய்துவிட்டேன். எடுத்த பெண் பாலாறு மாதிரியே ஒரு மாணவி, ரொம்பப் பொறுமையாகப் பேசினார்.

இரண்டாகக் குறைத்தால் பாயின்ட் அப்படியே இருக்கும். ஆனால் இப்போதிருக்கும் இடத்திலேயே இரண்டுக்கும் தலைக்கு 450 கட்ட வேண்டும். எண்ட் ஸோன் பக்கம், அதாவது மைதானத்தின் முனைப் பக்கம், மேல் அடுக்கில் டொனேஷன் இல்லாத பகுதி இருக்கிறது, தலைக்கு 480. அதில் இரண்டு எடுத்தால் 960. பார்க்கிங் பாஸ் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், ஊர் பஸ்ஸில் போய்க்கொள்ளலாம். தவணையும் உண்டு, ஐந்து மாதம். ஆக, 4,430 இருந்த இடத்தில் ஆயிரத்துக்குள் வந்துவிட்டது. பெரிய கேம் ஒன்றுக்கு மட்டும் பிள்ளைகளுக்கு ரீசேலில் இரண்டு எடுப்போம், கொங்குப்பையன் சொன்ன வழியில்.

போனை வைப்பதற்கு முன் அந்தப் பெண்ணிடம், என் கணக்கில் குறிப்பு எழுதுவீர்களா என்று கேட்டேன். எழுதுவோம் என்றார். அப்படியானால், நான்கில் இரண்டை விடுவதற்குக் காரணம் டொனேஷன் என்று எழுதுங்கள், அணி தோற்றது காரணமில்லை என்றும் எழுதுங்கள் என்றேன். எழுதியதை வாசித்தும் காட்டினார். புதுப்பிக்காமல் விடுகிறவர்கள், குறைக்கிறவர்கள் எல்லோரும் தயவுசெய்து இதைச் செய்யுங்கள். சும்மா விட்டுவிட்டால் அணி மோசம், அதனால் போனார்கள் என்றுதான் அவர்கள் கணக்கு வைப்பார்கள்.

ஆரஞ்சுச்சேலை

நல்ல முடிவு மலைச்சாரல். அந்தப் பழைய தம்பதியின் நம்பர் இருக்கிறதா? டொனேஷன் இல்லாத பகுதி இருப்பது அவர்களுக்குத் தெரியுமா?

மலைச்சாரல்

இருக்கிறது. தெரியாது என்றுதான் நினைக்கிறேன். இன்றைக்கே கூப்பிடுகிறேன்.